நன்றி அட்டை எழுதும் முன் கதை கேளுங்கள்

சிங்கப்பூரில் செப்டம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். அன்று பள்ளிக்கு விடுமுறை என்பதால் கொண்டாட்டமெல்லாம் முதல் நாளே முடிந்துவிடும். அந்த வியாழக்கிழமை மத்தியானம் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறைப் பக்கம் போனாலும் மேசைக்கு மேசை காப்பிக் குவளைகள் வரிசை கட்டி நிற்கும். எல்லாவற்றிலும் 'உலகத்திலேயே சிறந்த ஆசிரியர்' என்ற ஒரே வாசகம். ஒரே அறையில் இத்தனை பேர் எப்படி உலகத்திலேயே சிறந்தவர்களாக இருக்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. எதற்காக நன்றி சொல்கிறோம் என்று சரியாகத் தெரியாதபோது குவளை வாங்கத்தான் தோன்றும்.

நான் பெற்றோர் தொண்டூழியர். மகள் உயர்நிலை இரண்டில் தேசிய இளையர் சாதனை விருதில் சேர்ந்தாள். அந்த வருடக் கடைசியில், விருதுக்கு உதவிய ஆசிரியர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் ஒரு நன்றி நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. மகள் இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறாள். நான் மட்டும் பழைய பள்ளியை விடவில்லை. இத்தனை வருடத்தில் பார்த்ததையும், பயன்பட்ட சில முறைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு பள்ளியிலோ சமூக மன்றத்திலோ இதே வேலை உங்கள் தலையில் விழுந்தால் உதவும்.

விருது பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இது இங்கே 1992இல் தொடங்கியது. நாட்டின் அதிபர்தான் புரவலர். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படி. வேர் பிரிட்டனில் இருக்கிறது: 1956இல் இளவரசர் ஃபிலிப் ஆரம்பித்த எடின்பரோ கோமகன் விருது. அவருக்கு அந்த எண்ணத்தை ஊட்டியவர் குர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர். ஃபிலிப் படித்த பள்ளியின் தலைமையாசிரியர். இங்கே புலாவ் உபின் தீவில் 1967 முதல் இருக்கும் அவுட்வர்ட் பவுண்ட் என்ற வெளிப்புறச் சாகசப் பயிற்சிப் பள்ளிக்கும், ஹான் 1941இல் வேல்ஸில் ஆரம்பித்த பள்ளிதான் முன்னோடி. நம் வீட்டுப் பிள்ளைகள் வெயிலில் மூட்டை தூக்கி நடப்பதற்கு யாரையாவது திட்ட வேண்டும் என்றால் அவரைத் திட்டலாம்.

சேவை, திறன், உடற்பயிற்சி, சாகசப் பயணம் என்று நாலு பிரிவு. தங்கத்துக்குப் போகிறவர்கள் இவற்றோடு, பழக்கமில்லாதவர்களுடன் சேர்ந்து ஐந்து நாள் நாலு இரவு வெளியே தங்கி ஒரு வேலையையும் செய்து முடிக்க வேண்டும். உலக அளவில் இந்த விருதுக்கு உள்ள விதிப்படி 14 வயதில் சேரலாம், 25 ஆவதற்குள் முடித்துவிட வேண்டும். வெண்கலத்துக்கு முதல் மூன்று பிரிவுகளிலும் குறைந்தது மூன்று மாதம், அவற்றில் ஒன்றில் இன்னொரு மூன்று மாதம் கூடுதலாக. தங்கம் என்றால் பன்னிரண்டு மாதம் விடாமல் செய்ய வேண்டும். யாரோடும் போட்டி கிடையாது. பிள்ளை தனக்கு வைத்துக்கொண்ட இலக்கை எட்டினால் போதும்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். சேவைக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், திறனுக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர். பயணத்தை மேற்பார்வை செய்ய ஒருவர், அதை மதிப்பிட ஒருவர். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பாசிரியர் ஒருவர். ஒரு பிள்ளை சட்டையில் வெண்கலப் பதக்கத்தைக் குத்திக்கொள்ள இத்தனை பெரியவர்கள் வேண்டியிருக்கிறது. இதில் பிள்ளையின் கண்ணில் படுகிறவர் ஒருவரோ இருவரோதான்.

மற்றவர்கள் ஏன் கண்ணில் படுவதில்லை என்பதை, உபின் தீவில் எங்கள் பிள்ளைகள் செய்யும் சாகசப் பயணத்தை வைத்துச் சொல்கிறேன்.

வெண்கலத்துக்கு இரண்டு நாள், ஓர் இரவு. நாலு பேர் முதல் ஏழு பேர் வரை ஒரு குழு. வரைபடம் பார்த்து அவர்களே நடக்க வேண்டும், அவர்களே சமைக்க வேண்டும், கூடாரம் போட வேண்டும். பெரியவர்கள் கூட நடந்து வழிகாட்டக் கூடாது, தூரத்தில் இருந்து கவனிக்கத்தான் வேண்டும். முதலில் ஓர் ஒத்திகைப் பயணம், அப்புறம்தான் உண்மையான பயணம்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் பள்ளி உணவகத்தில் பைகளைச் சோதிப்பார்கள். பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் ஒவ்வொரு பையாகத் தூக்குவார். உடல் எடையில் கால் பங்குக்கு மேல் போனால் பிரித்துக் கொட்டு என்பார். ஒருமுறை ஒரு பையனின் பையிலிருந்து ரைஸ் குக்கர் வந்தது. அம்மா வைத்து அனுப்பியிருக்கிறார். பெருநில மின்சாரமே போகாத தீவு அது. டீச்சர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "பிளக் எங்கே போடுவே?" என்று மட்டும் கேட்டார். பையன் யோசித்துவிட்டுக் குக்கரை ஓரமாக வைத்தான்.

சாங்கியிலிருந்து படகு பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும். தீவில் இறங்கியதும் குழு தன் வழியே போய்விடும். அந்த டீச்சர் வாடகை சைக்கிளில் வேறு பாதையில் போய் ஒரு சந்தியில் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை மாமாம் கடற்கரை முகாமுக்குப் போக வேண்டிய குழு அந்தச் சந்தியில் செக் ஜாவா பக்கம் திரும்பிவிட்டது. டீச்சர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். "கூப்பிட்டுடலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சுக்கா" என்று அப்புறம் என்னிடம் சொன்னார். கூப்பிடவில்லை. அந்தப் பாதை செக் ஜாவாவில் போய் முடிந்துவிடும், அதற்கு மேல் கடல்தான், தொலைந்துபோக வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். செக் ஜாவாவில் இன்னொரு தொண்டூழியர் நின்றிருந்தார். அவருக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார்: 'வருகிறார்கள், பேச வேண்டாம், தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.'

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு குழு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. ஆளாளுக்குச் சண்டை. சந்தியில் நின்று மறுபடி வாக்குவாதம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், வரைபடத்தை வாங்கித் தரையில் விரித்து, திசைகாட்டியை மேலே வைத்து, வடக்கு வடக்கோடு பொருந்தும் வரை தாளைத் திருப்பியிருக்கிறாள். சண்டை நின்றுவிட்டது. அவள் காட்டிய பக்கம் எல்லோரும் நடந்தார்கள். இதையெல்லாம் டீச்சர் ஒரு புதருக்குப் பின்னால் இருந்து பார்த்தார். கையில் தண்ணீர் பாட்டில், காலைச் சுற்றிக் கொசு.

அந்தப் பெண் வருடக் கடைசியில் டீச்சருக்கு எழுதிய அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: 'உபின் பயணத்துக்கு நன்றி.' அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு டீச்சர் அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் ஏற்பாடு. இந்த விருதில் பெரியவர்கள் தங்கள் வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார்களோ அவ்வளவுக்குப் பிள்ளைகள் கண்ணில் படாமல் இருப்பார்கள். ஆகவே பிள்ளைகளே உணர்ந்து நன்றி சொல்லட்டும் என்று காத்திருந்தால் நடக்காது. யாராவது அந்த மறுபக்கத்தை அவர்களிடம் சொல்ல வேண்டும்.

அதனால் நாங்கள் முறையை மாற்றினோம். அட்டை எழுதும் நாளுக்கு முன்பு ஒரு மாலை, வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பெரியவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகள் பார்க்காத ஒன்றைச் சொல்லச் சொல்கிறோம். ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

இதில் ஒரு சிக்கல், நம் ஆசிரியர்கள் தங்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். "ஒண்ணும் பெருசா செய்யலக்கா, எல்லாம் பிள்ளைங்கதான்" என்று முடித்துவிடுவார்கள். பொதுவாகக் கேட்டால் இதுதான் பதில். குறிப்பாகக் கேளுங்கள். அந்த இரவு எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? எந்தப் பாரத்தை நிரப்ப ரொம்ப நேரம் ஆனது? எப்போது பயந்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கதை வராமல் போனதே இல்லை. இடி மின்னல் வந்தால் எங்கே ஒதுங்குவது, இரவில் ஒரு பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வந்தால் எந்தப் படகில் ஏற்றி சாங்கி பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, யாருக்கு நிலக்கடலை ஆகாது, யாருக்கு ஹலால், யார் வெள்ளிக்கிழமை சைவம் என்று அவர் தயாரித்த பக்கங்களை ஒரு டீச்சர் பிள்ளைகளிடம் காட்டினார். அதில் தன் பெயருக்கு நேரே 'இன்ஹேலர், பையின் மேல் பகுதியில், இன்னொன்று என்னிடம்' என்று இருந்ததை ஒரு பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த 'என்னிடம்' டீச்சரைக் குறிக்கும். இரண்டு நாளும் அவனுடைய மாற்று இன்ஹேலரை அவர்தான் இடுப்புப் பையில் சுமந்திருக்கிறார்.

சந்திக் கதையை டீச்சர் சொன்னபோது அந்த வரைபடப் பெண்ணுக்கு வாய் பிளந்துவிட்டது. "நீங்க பார்த்தீங்களா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு இன்னொரு அட்டை எழுதினாள்: 'அன்றைக்கு எங்களைக் கூப்பிடாமல் இருந்ததற்கு நன்றி.' டீச்சர் அதைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.

அடுத்தது, யாரையெல்லாம் கூப்பிடுவது. பள்ளி அலுவலகத்தில் விருந்தினர் பட்டியல் கேட்டால் ஆசிரியர்கள் பெயரும் ஓரிரண்டு நிறுவனங்களின் பெயரும்தான் கிடைக்கும். அதை நம்பாதீர்கள். பிள்ளைகளின் விருதுப் பதிவேட்டைத் திறந்து, எந்தெந்தக் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உண்மையான பட்டியல். அப்படிப் பார்த்துத்தான் ஈசூனில் தன் வீட்டுக் கூடத்திலேயே மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். வருடக்கணக்காக எங்கள் பிள்ளைகளின் திறன் பிரிவுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பள்ளியிலிருந்து ஒரு போன்கூடப் போனதில்லை. அழைத்தபோது, "நான் என்ன பண்ணிட்டேன், தாளம் போடச் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதானே" என்றார். வந்தார், வேட்டி சட்டையில், அரை மணி நேரம் முன்னாடியே.

அந்தப் பதிவேட்டில் இன்னொரு புதையலும் உண்டு. பயிற்சி கொடுத்தவர் கடைசியில் எழுதும் மதிப்பீட்டு வரிகள். பாதிப் பேர் 'நன்று' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் தாதிமை இல்லம் ஒன்றில் வேலை செய்யும் மியன்மார்த் தாதி ஒருவர் எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை. முதியவர்களுக்குச் சாப்பாடு ஊட்டும் வேலைக்குப் போன பையனைப் பற்றியது. முதல் மாதம் அவன் ஊட்டும்போது கடிகாரத்தைப் பார்த்தான், இப்போது பாட்டியின் தொண்டையைப் பார்க்கிறான் என்று எழுதியிருந்தார். ஊட்டிப் பழகியவர்களுக்கு இது புரியும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு ஒரு வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டியை நீட்ட வேண்டும். அவசரப்பட்டால் புரையேறும், நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆபத்து. அந்தத் தாதி தன் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து இந்த வரிகளை எழுதியிருக்கிறார். இதைவிட நல்ல நற்சான்றிதழ் அந்தப் பையனுக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம். நிகழ்ச்சியில் அதை மேடையில் வாசித்தோம். பையன் தலையைக் குனிந்துகொண்டான், அவன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தாதி அன்றைக்கு வரவில்லை. ஷிஃப்ட். இதையும் கவனியுங்கள்: தாதிமை இல்லத்துக்குச் சாப்பாடோ பலகாரமோ அனுப்பினால் பகல் ஷிஃப்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். இரவுக்காரர்கள் வந்து பார்க்கும்போது காலி டப்பாதான் இருக்கும். முன்கூட்டியே கேட்டு, தனித்தனிப் பொட்டலமாக, பெயர் ஒட்டி அனுப்பினால் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதைவிட நல்லது, அவருடைய மேலாளருக்கு ஒரு கடிதம். 'உங்கள் ஊழியர் மிகவும் அன்பானவர்' என்று எழுதினால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்கள். என்ன செய்தார், அதனால் பிள்ளை எப்படி மாறினான் என்று நாலு வரியில் எழுதுங்கள். அந்தத் தாதியின் வரிகளையே எடுத்துப் போட்டு நாங்கள் எழுதிய கடிதத்தை அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததாகப் பையன் வந்து சொன்னான்.

ஆசிரியர்களுக்கும் இதே வழிதான். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விலையுயர்ந்த பரிசு வாங்க முடியாது, கட்டுப்பாடு இருக்கிறது. பெற்றோர் சேர்ந்து பணம் போட்டு பெரிதாக ஏதாவது வாங்கிக் கொடுத்தால் அவருக்குத்தான் சங்கடம். பள்ளி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலை ஆசிரியரிடம் கொடுங்கள். செலவு ஒன்றுமில்லை. முடிந்தால் நிகழ்ச்சிக்கு அவர் குடும்பத்தையும் கூப்பிடுங்கள். பயண வார இறுதிகளில் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அம்மா சனி ஞாயிறு எங்கே போனாள் என்று அந்தச் சின்னப் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டுமே.

தமிழாசிரியருக்கு எழுதும் அட்டையைத் தமிழிலேயே எழுதச் சொல்கிறோம். பிழை வந்துவிடுமே என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். வந்தால் வரட்டும். எங்கள் தமிழாசிரியர் ஒருவர் அட்டையை வாங்கியதும் பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்ப வைத்துக்கொண்டார்.

சாப்பாடு விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஹலால் கடை கோழி பிரியாணியும், தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு சைவமும் இருந்தால் எல்லா இனத்தவரும் ஒரே மேசையில் உட்காரலாம்.

பேச்சு நீளக் கூடாது. பெயர்கள் சரியாக வர வேண்டும். இந்த இரண்டாவதை லேசாக நினைக்காதீர்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், மலாய்ப் பெயரில் இன்னார் மகன், இன்னார் மகள் என்று சொல்ல 'பின்', 'பிந்தே' வரும், நம் பெயர்களை அடுத்தவர்கள் சொல்லும்போது என்ன ஆகிறது என்பது நமக்கே தெரியும். சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலையைச் சொல்லிக்கொடுக்கும் சேகுவின் (மலாயில் ஆசிரியர்) பெயரை எங்கள் அறிவிப்பாளர் பையன் அவரிடமே போய் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். மேடையில் சரியாகச் சொன்னதும் சேகு எழுந்து நின்று கையை நெஞ்சில் வைத்தார்.

முன்னாள் மாணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கம் முடித்துவிட்டு, தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி) இருக்கும்போதும் வார இறுதி விடுப்பில் வந்து புதிய குழுவுக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். வாரம் முழுக்க காட்டில் நடந்துவிட்டு வந்து மறுபடி நடக்கிறார்கள், கேட்டால் இது ஜாலி என்கிறார்கள். நம்ம பையன்தானே என்று இவர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். பெரியவர்கள் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி: "அடுத்த வருஷத்துக்கு என்ன உதவி வேணும் டீச்சர்?" முதல் தடவை கேட்டபோது அந்த உபின் டீச்சர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "கூடாரம் காய வைக்க ஆள் வேணும்க்கா" என்றார். எனக்குப் புரியவில்லை. திரும்பி வரும் கூடாரங்கள் பாதி நேரம் மழையில் நனைந்திருக்கும். அப்படியே சுருட்டி வைத்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பிடித்து நாறும். பள்ளி சேமிப்பறையில் இடமில்லை. அதனால் அத்தனையையும் தன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோய், துணிக் கம்பிலும் வீட்டு வாசலிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் காய வைத்திருக்கிறார், ஒவ்வொரு பயணத்துக்கும்.

இப்போது அது பெற்றோர் வேலை. படகுத்துறையில் வண்டியோடு இருவர் காத்திருப்பார்கள், ஆளுக்கு இரண்டு கூடாரம் வீட்டுக்குப் போகும். பயணம் நடக்கும் இரண்டு நாளும் சாங்கிப் பக்கம் ஒருவர் காருடன் தயாராக இருப்பதும் எங்கள் முறைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. நீங்களும் கூடாரம் எடுத்துப்போவதாக இருந்தால், முதலில் மணலை உதறுங்கள், ஈரத் துணியால் துடையுங்கள், நேர் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் துணி நாளாவட்டத்தில் இற்றுப்போகும். ஜிப்பில் மண் இருந்தால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். மடிக்கும் முன் ஆணிகளை எண்ணுங்கள். எப்படியும் ஒன்றிரண்டு குறையும், டீச்சருக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.